நாற்பத்திரண்டாவது தாள்

மூன்றாவது தடவையும் எண்ணியாகிவிட்டது. தாள்கள் நாற்பத்தொன்று. வகுப்பில் பிள்ளைகள் நாற்பத்திரண்டு.

ஆங்கில வாத்தியார் வீட்டையே புரட்டிப் போட்டார். சோபாவுக்கு அடியில் தேடினார். ஸ்கூட்டர் பெட்டியில் தேடினார். துணி துவைக்கிற மெஷினுக்குள் தலையை விட்டும் தேடினார்.

"உள்ள என்னங்க தேடறீங்க?" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"பரீட்சைத் தாள்."

"போன தடவை பஸ்ல விட்டீங்க. இந்தத் தடவை சோப்புத் தண்ணியிலயா?"

அங்கேதான் இருந்தது வினை. போன பருவத்தில் ஒரு கட்டுத் தாளையே பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கியவர் அவர். அன்றைக்கே தலைமையாசிரியை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இனிமே ஒரே ஒரு தாள் காணாமப் போனாலும், வேலை நிரந்தரம்ங்கிற பேச்சே கிடையாது சார்." நாலு வருஷமாகத் தற்காலிகமாகவே இருக்கிற மனிதர், பாவம். உத்தரவு இந்த மாதம் வரும், அடுத்த மாதம் வரும் என்று காத்துக் காத்துப் பாதி முடி நரைத்துவிட்டது.

காணாமல் போனது யாருடைய தாள் என்று பார்த்தார். போயும் போயும் முதல் பெஞ்சுடையது! படிப்பு, விளையாட்டு, எதை எடுத்தாலும் முதலாக வருகிற பெண். ஆசிரியர்கள் அவளுக்கு வைத்த பெயரே 'முதல் பெஞ்ச்'.

ஒரு மாதமாக வகுப்பில் போர்க்கதைகள்தான் பாடம். கரும்பலகையில் தினமும் ஒரே விதி: 'பயம் என்று எழுதாதே, நடுங்குகிற கையைக் காட்டு.' பரீட்சைக்கும் அதுதான். பதுங்குகுழியில் ஒரு சிப்பாயின் கடைசி ஒரு மணி நேரத்தைக் கதையாக எழுத வேண்டும். அன்றைக்குப் பார்த்து வாத்தியாருக்குப் பல் பிடுங்கல். வகுப்பைப் பார்த்துக்கொண்ட டிராயிங் மாஸ்டர், தாள்களை நூலால் கட்டி மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாயங்காலம் வாத்தியார் வந்து எடுத்துக்கொண்டு போகும்போது, சிக்னலில் அந்தக் கட்டு ஸ்கூட்டரிலிருந்து விழுந்து நூல் அறுந்தது. தாள்கள் காற்றில் தெருவெல்லாம் பறக்க, வாயில் பஞ்சோடு ஓடி ஓடிப் பொறுக்கினார். அதை அவர் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

'ஒண்ணு சாக்கடைக்குப் போயிருக்கு. சந்தேகமே இல்லை. ஆனா அவ எழுதினா நல்லாத்தானே எழுதியிருப்பா?' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மதிப்பெண் பட்டியலில் இருபதுக்குப் பத்தொன்பது போட்டார்.

பன்னிரண்டு போட்டிருந்தால் பிழைத்திருப்பார். ஜென்மத்தில் யாருக்கும் பதினாலுக்கு மேல் போடாத கை அது. பத்தொன்பது போட்டால் ஊர் சும்மா இருக்குமா?

"யார் சார் அது, உங்ககிட்டயே பத்தொன்பது வாங்கினது?" தலைமையாசிரியை கணக்கு டீச்சராக இருந்தவர். எண் என்றால் எந்த மூலையில் இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். "அந்தக் கதையை நான் படிக்கணுமே!"

"தாள் வீட்ல இருக்கு மேடம்."

"திங்கக்கிழமை கொண்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து உட்கார்ந்து வாத்தியாரே கதையை எழுதினார். பெண்பிள்ளைக் கையெழுத்து வேண்டுமே! முதல் பெஞ்சின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து மனைவி முன்னால் வைத்து, விஷயத்தைச் சொல்லிக் கெஞ்சினார். "இந்த மாதிரியே உருண்டை உருண்டையா எழுதிக் குடும்மா."

அவள் எழுதுவதற்கு முன்னால் படித்தாள்.

"என்னங்க இது? ஒருத்தன் மூணு பக்கமா செத்துக்கிட்டே இருக்கான்?"

"அது உணர்ச்சி."

"வயித்துல குண்டு பட்டவன் இவ்வளவு வசனம் பேச மாட்டான். தண்ணி கேப்பான். அப்புறம் சம்பந்தமே இல்லாம எதையாவது கேப்பான். போன வாரம் விபத்துல அடிபட்டு ஒருத்தர் வந்தார். ரத்தம் கொட்டுது, 'வீட்டு கேட்டைப் பூட்டினேனா சிஸ்டர்'னு என்னைக் கேக்கறார்."

"போர்க்கதையில எதுக்கு கேட்டு?"

"பேனாவைக் குடுங்க."

மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமானது. பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய், வீட்டு கேட்டைப் பூட்டினோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டே கண்ணை மூடினான். பதினைந்து வயதுப் பெண் எழுதியதாக இருக்க வேண்டுமென்று வாத்தியார் இரண்டு தப்புகளைச் செருகச் சொன்னார். அப்புறம் அவரே சிவப்பு மையில் அவற்றைத் திருத்தி, பத்தொன்பது போட்டார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியை கதையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார்.

"பூட்டினேனான்னு தெரியாமலே போயிட்டானே சார்! பெற்றோர் தினத்துல இதை அந்தப் பொண்ணே மேடையில படிக்கணும். கூப்பிடுங்க அவளை."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

முதல் பெஞ்ச் வலது தோளைத் தேய்த்துக்கொண்டே உள்ளே வந்தாள். வாத்தியாரின் இரண்டு கைகளும் நடுங்கின. அவருடைய விதிப்படியே பார்த்தால் அந்தக் கைகளுக்கு இருபதுக்கு இருபது போடலாம்.

"இது நீ எழுதினதுதானே கண்ணு?"

அவள் தாளைப் பார்த்தாள். சிவப்பு மையில் இருந்த பத்தொன்பதைப் பார்த்தாள். வாத்தியாரைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"ஆ... ஆமா மேடம்."

வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. என்ன மனசு இந்தப் பிள்ளைக்கு! தன் கதை போன இடம் தெரியவில்லை, யாரோ எழுதியது தன் பேரில் இருக்கிறது, ஆனாலும் சாரைக் காட்டிக்கொடுக்கவில்லையே! அதற்கப்புறம் அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் அவருக்கு வரவில்லை. அவர் இந்தப் படியில் ஏறினால் அவள் அந்தப் படியில் இறங்கினாள். அதுவும் அவளுடைய பெருந்தன்மைதான் என்று நினைத்துக்கொண்டார்.

பெற்றோர் தினத்தன்று அவள் படிக்கப் படிக்க அரங்கமே மூக்கை உறிஞ்சியது. ஒரு அப்பா பாதியில் எழுந்து, வீட்டு கேட்டைப் பூட்டினோமா என்று பார்த்துவர ஓடினார். கடைசி வரிசையில் நர்ஸம்மா கழுத்தை நீட்டி நீட்டிக் கைதட்டலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் தலைமையாசிரியை மேடையிலேயே வேலை நிரந்தர உத்தரவை வாத்தியார் கையில் கொடுத்தார். "இந்தப் பருவம் ஒரு தாள்கூடத் தொலைக்கல சார் நீங்க!"

வாத்தியாருக்கு அந்தக் காகிதம் கையைச் சுட்டது. திரைக்குப் பின்னால் முதல் பெஞ்சைப் பிடித்துவிட்டார்.

"கண்ணு, என்னை மன்னிச்சிடும்மா. நீ எழுதின கதையை நான் ரோட்டுல தொலைச்சிட்டேன். நீ படிச்சது என் வீட்டுக்காரம்மா எழுதினது. எனக்காக இத்தனை நாள் வாயைத் திறக்காம இருந்தியே! மேடம்கிட்ட இப்பவே போய் உண்மையைச் சொல்லிடறேன். உன் கதை எவ்வளவு நல்லா இருந்திருக்கும்! அதை நினைச்சா எனக்குச் சோறே இறங்கல."

அவள் அவர் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, சொல்லிடாதீங்க சார்! தொலைக்கிறதுக்கு நான் எழுதியிருந்தாத்தானே? பரீட்சைப் பீரியட் பூரா பி.டி. சார் என்னை மைதானத்துல குண்டு எறிய விட்டுட்டார்!"