சீப்புச் சின்னத்தில் நான் கேட்காத ஓட்டு

தேர்தலில் நிற்காமலேயே ஊர் முழுக்க ஓட்டுக் கேட்ட பெருமை எனக்கு உண்டு. அதுவும் சொந்தச் சித்தப்பாவின் செலவில், சித்தப்பாவின் சின்னத்தில், சித்தப்பாவுக்கு எதிராக.

திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறேன். அதனால் மிக்சி ஓடவில்லை என்றாலும் ஊரில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சித்தப்பா வார்டு மெம்பருக்கு நின்றபோதும் கூப்பிட்டார். போன தடவை தோற்றவர் அவர். கீழ்வயல்களின் வடிகால் தூர்ந்துபோய், ஐப்பசி மழை பிடித்தால் சம்பாப் பயிர் அத்தனையும் முழுகி அழுகும். அந்த வடிகாலை வெட்டிவிட வேண்டும் என்பதற்காகவே மறுபடியும் நின்றார். "இந்தத் தடவையும் தோத்தா வயலை வித்துட்டு மகன்கூட திருப்பூருக்குப் போயிடுவேன்" என்று சித்தியிடம் சொல்லியிருந்தார். கிடைத்த சின்னமோ சீப்பு. (சித்தப்பாவின் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.)

ஆட்டோவில் மைக் கட்டி எல்லாத் தெருவிலும் ஒரே பேச்சைப் பேசுவது என்ன பெரிய பிரசாரம்? என் மூளை சும்மா இருக்குமா! மேலத்தெருவுக்குத் தெருவிளக்கு, பள்ளிவாசல் தெருவுக்குக் குடிநீர்க் குழாய், கீழத்தெருவுக்கு வடிகால் என்று தனித்தனியாக என் குரலில் பேசிப் பதிவு செய்தேன். ஆட்டோ ஓட்டும் ஜமால் அண்ணன் தெருப் பெயரை அமுக்கினால் போதும். புரோகிராம் அந்தத் தெருவின் ஃபோல்டருக்குப் போய் வணக்கம், வாக்குறுதி, வேட்பாளர் பெயர், சின்னம் என்று கோத்துக் கோத்துப் பேசும். சோதனைக்காக வேட்பாளர் பெயரின் இடத்தில் என் பெயரையே பேசி வைத்திருந்தேன். ஏதாவது ஃபைல் கிடைக்காமல் மைக் நடுத்தெருவில் ஊமையாகிவிட்டால் மானம் போகுமே என்று, அப்படி நேர்ந்தால் சோதனை ஃபைலைப் போட்டுவிட்டு மேலே போ என்றும் எழுதி வைத்தேன். (முன்ஜாக்கிரதை முத்தம்மா!)

கிளம்பும் நேரத்தில் சித்தப்பா வந்தார்.

"பேருக்கு முன்னாடி 'மண்ணின் மைந்தர்'னு ஒரு வார்த்தை சேரும்மா. வெறும் பேரு மொட்டையா இருக்கு."

மொட்டையைப் பற்றி இவர் பேசுகிறாரே என்று தோன்றியது. மறுபடி பதிவு செய்து, அவசரத்தில் அந்த ஃபைலை என் லேப்டாப்பின் டெஸ்க்டாப்பிலேயே போட்டு, புரோகிராமில் அது இருக்கும் இடத்தின் முழு முகவரியையும் எழுதினேன். அமுக்கிப் பார்த்தோம். 'மண்ணின் மைந்தர் ராஜகோபால்' என்று வீடே அதிர்ந்தது. சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. புரோகிராம் ஃபோல்டரை பென் டிரைவில் ஏற்றி, ஜமால் அண்ணன் மகளின் பழைய லேப்டாப்பில் இறக்கி அனுப்பிவைத்தேன். மண்ணின் மைந்தர் மட்டும் என் டெஸ்க்டாப்பிலேயே தங்கிவிட்டார்.

ரேஷன் கடைக்குப் போன அம்மா பாதியில் திரும்பி வந்தாள்.

"ஏண்டி, நீ எலெக்‌ஷன்ல நிக்கிறியா?"

"வேலை செஞ்சிக்கிட்டிருக்கேம்மா. ஏன்?"

"தெரு முழுக்க உன் பேருதான் கேக்குது. பெத்தவகிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சா போயிடுவே?"

அதற்குள் வாசலில் ஆட்டோவே வந்துவிட்டது. 'உங்கள் வடிகாலை வெட்டித் தருவேன் என்று உறுதி கூறுகிறேன்! உங்கள் பொன்னான வாக்குகளை... தேன்மொழி... சீப்புச் சின்னத்தில்...' என் குரல், என் பெயர். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது.

ஸ்கூட்டியில் துரத்திக் கீழத்தெருக் கோடியில் மடக்கினேன். ஆட்டோவைச் சுற்றி ஒரே பெண்கள் கூட்டம்.

"சீப்பு உனக்குத்தான் பொருத்தம் தேனு. உங்க சித்தப்பா அத வச்சு என்னத்தச் சீவப் போறாரு?"

ஜமால் அண்ணன் நிதானமாகச் சொன்னார்: "அவரு உனக்கு விட்டுக்குடுத்துட்டாரு போலன்னு நெனச்சேம்மா. நல்ல மனுசன்னு பெருமையா இருந்துச்சு."

வீட்டுக்கு ஓடி என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். மண்ணின் மைந்தர் கணீரென்று முழங்கினார். அந்த ஃபைலை எடுத்துவந்து, ஆட்டோவிலிருந்த லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலேயே போட்டேன். அப்போதும் தேன்மொழிதான்! கடைசியில், சோதனை ஃபைலைப் போடும் அந்த முன்ஜாக்கிரதையைப் பிடுங்கி எறிந்தபோதுதான் விஷயம் சிவப்பு எழுத்தில் வெளியே வந்தது: ஃபைல் இல்லை. கூடவே அது தேடிய முகவரி. முகவரியின் நடுவில் என் பெயரில் ஒரு ஃபோல்டர். அது என் லேப்டாப்பைத் தவிர உலகத்தில் வேறு எங்கே இருக்கும்? எங்கள் வீட்டுக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லி, ஒருத்தரை அவர் வீட்டுக் கொல்லையிலேயே தேடவிட்டால் எப்படி அகப்படும்?

அந்த நேரம் பார்த்துச் சித்தப்பா மொபெட்டில் வந்து இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"உனக்கு ஆசை இருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா. நானே வாபஸ் வாங்கியிருப்பேன்."

நான்கு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. 'குடும்பத்துலயே ஒத்துமை இல்ல, இவரா ஊரைப் பாக்கப் போறாரு?' என்று எதிராளியின் ஆட்டோ அதற்குள் ஆரம்பித்துவிட்டிருந்தது. அவர் வயலும் போய், ஊரும் போய், அதற்கு நான் காரணமாகப் போகிறேனே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெயர் ஃபைலை புரோகிராமின் ஃபோல்டருக்குள்ளேயே போட்டு, நீ எங்கே இருக்கிறாயோ அங்கிருந்து தேடு என்று எழுதினேன். அமுக்கியதும் 'மண்ணின் மைந்தர் ராஜகோபால்' என்றது. அப்போதுதான் சித்தப்பாவின் முகம் தெளிந்தது.

"அய்ய, தேனு பேரே நல்லாருந்துச்சு!" என்று கூட்டத்தில் ஒரு குரல் வந்தது. அது யார் என்று இன்றுவரை சித்தி விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

மிச்ச நாளெல்லாம் ஆட்டோ சரியான பெயரையே முழங்கியதில் சித்தப்பா ஜெயித்துவிட்டார். மட்டையடி வாங்கியவர்போல எதிராளி உட்கார்ந்துவிட்டார். வடிகாலையும் சித்தப்பா சொன்னபடி வெட்டினார். அடுத்த ஐப்பசியில் கீழ்வயலில் தண்ணீர் நிற்காமல் ஓடியதைக் கரையில் நின்று பார்த்தபோது, ஓட்டுப் போட்ட அத்தனை பேரையும் கட்டிப்பிடிக்கலாம்போல எனக்கு இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை அவர்கள் நீடிக்கவிடவில்லை. மேலத்தெருவில் விளக்கு எரியவில்லை என்றால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். பள்ளிவாசல் தெருவில் குழாய் உடைந்தால் என் போன்தான் அடிக்கிறது. "மெம்பர் எங்க சித்தப்பாங்க, அவருகிட்ட சொல்லுங்க" என்றால், "அவரு மெம்பரு சரி. போட்டுத் தர்றேன்னு மைக்குல சொன்னது உன் குரல்தானே?" என்கிறார்கள்.

சித்தப்பாவிடம் போய் முறையிட்டேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரிக்கிறார்.

"ஆமாம்மா, நீதான் வாக்குறுதி குடுத்தே. நான் மைக்குல ஒரு வார்த்தையாவது பேசினனா, சொல்லு?"