சட்டப்படி என்னுடைய மான்

மோர்னிங்சைட், ஸ்காபரோ, டொராண்டோ
டிசம்பர் 1, 1974

மரியாதைக்குரிய சேதுராமன் அத்தான் அவர்களுக்கு, உமாபதி பணிவோடு எழுதிக்கொள்வது.

காந்திமதியம்மன் புண்ணியத்தில் நானும் உங்கள் தங்கை கிருஷ்ணவேணியும் சளி, இருமல் நீங்கலாக இங்கே சுகம். அங்கே உங்கள் வீட்டிலும் கோர்ட்டிலும் எல்லாம் சுகமாக நடக்க வேண்டும். நிற்க. திருநெல்வேலியில் தாங்கள் பெயர்பெற்ற வக்கீல் என்பதால் ஒரு சட்டச் சந்தேகம் கேட்கிறேன். அது ஒரு மானைப் பற்றியது. முழுதும் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து என்னைத் திட்ட வேண்டாம்.

எங்கள் ஆபீசில் ஆட்குறைப்பு என்று பேச்சு அடிபட்ட நேரம், என் மேலதிகாரி கார்டன், “உமா, இந்தத் தடவை மான் வேட்டைக்கு நீயும் வா” என்றார். கேக்கில் முட்டை இருக்குமோ என்று முகர்ந்து பார்த்து ஒதுக்குகிற சைவப்பிள்ளை நான். ஆனாலும் வேலை முக்கியம் இல்லையா, “சரி சார்” என்று சொல்லிவிட்டேன். சுடாமல் சும்மா கூட நின்றுவிட்டு வந்துவிடலாம் என்பது என் திட்டம். ஆனால் இந்த ஊரில் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நினைத்தபடி கிளம்ப முடியாது அத்தான். முதலில் வகுப்பு, அப்புறம் பரீட்சை, அதற்கப்புறம்தான் லைசென்ஸ். காரில் போகும்போது துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, உறைக்குள்ளே இருக்க வேண்டும். ரோட்டில் நின்று சுடக் கூடாது. அடுத்தவன் நிலத்தில் அவனைக் கேட்காமல் கால் வைக்கக் கூடாது. இன்னொரு வேட்டைக்காரன் நம்மையே மான் என்று நினைத்துவிடாதபடி கண்ணைப் பறிக்கிற நிறத்தில் கோட்டும் தொப்பியும் வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால் தொடங்கி, அஸ்தமனமாகி அரைமணிக்குள் முடித்துவிட வேண்டும். ஒரு லைசென்சுக்கு ஒரு மான்தான். விழுந்த மானை நகர்த்துவதற்கு முன்பே, லைசென்சோடு தருகிற நம் சீட்டை அதில் கட்டிவிட வேண்டும், கட்டியதை அவிழ்க்கக் கூடாது. இத்தனையையும் உருப்போட்டு வகுப்பில் முதல் மார்க் வாங்கினேன். “திங்காத பண்டத்துக்கு என்னத்துக்குங்க இம்புட்டுப் படிப்பு?” என்றாள் உங்கள் தங்கை.

வடக்கே வெகுதூரம் போனோம். கார்டன் என்னை ஒரு மரத்தடியில் நிறுத்தி, “அசையாதே” என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் போய்விட்டார். பனி பெய்து ஓய்ந்த காடு. நம்ம ஊர்க் காட்டில் ஒரு வண்டாவது கத்தும்லா அத்தான்? அங்கே என் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. கால் மரத்து, மூக்கு மரத்து, நான் இருக்கேனா இல்லையா என்றே சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் மான். கொம்பு வைத்த பெரிய மான். எந்த வழியாக வந்தது, எப்போது வந்தது, ஒன்றும் தெரியாது. அது ஓடவும் இல்லை. பேர் மறந்துபோன பழைய சிநேகிதனைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குத் தும்மல் வந்துவிட்டது. நான் தும்மினேன், துப்பாக்கியும் சேர்ந்து தும்மிவிட்டது. மான் அப்படியே சாய்ந்தது.

ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் படித்த படிப்பு விடுமா? சட்டப்படி சீட்டை எடுத்து அதன் கொம்பில் கட்டினேன். கட்டி முடித்த பிறகுதான் கவனித்தேன், ஒரு சொட்டு ரத்தம் இல்லை. குனிந்தேன். அது கண்ணைத் திறந்தது. அதன் மூச்சு வெதுவெதுவென்று என் முகத்தில் பட்டது. அதோடு எனக்கு நினைவு தப்பிவிட்டது. கார்டன் உலுக்கித்தான் எழுந்தேன்.

“மான் எங்கே?”

“போய்விட்டது சார்.”

“உன் சீட்டு?”

“அதோடு போய்விட்டது சார்.”

அவர் தரையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மான் வந்த தடம் பனியில் அச்சுக் குத்தினாற்போல இருந்தது. போன தடம் இல்லை. டொராண்டோ வந்து சேரும்வரை காரில் ரேடியோவைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். இப்போதெல்லாம் ஆபீசில் என் மேசைப் பக்கமே வருவதில்லை. ஆட்குறைப்பிலும் என் பேர் இல்லை. என்னைக் கூப்பிட்டுச் சொல்லப் பயம் என்று நினைக்கிறேன்.

இதோடு போயிருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அந்த மான் இங்கேயே வந்துவிட்டது அத்தான்! எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓடையும் மரங்களும் உண்டு. தினமும் விடிவதற்கு முன் வந்து ஒரு மரத்தடியில் நிற்கிறது. கொம்பில் என் சீட்டு ஆடுகிறது. எங்கள் ஜன்னலையே அண்ணாந்து பார்க்கிறது. வேட்டை நேரம் தொடங்குவதற்குள் டாண் என்று மறைந்துவிடுகிறது. சீசன் முடிந்தும் நேரம் தவறுவதில்லை, அவ்வளவு சட்டம் தெரிந்த மான். நான் நாற்காலியைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், பார்க்கப் பார்க்கக் கண் சொக்கிவிடும். முழித்தால் உங்கள் தங்கை என் காலை வெந்நீரில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருப்பாள். “மானைப் பாத்தியாட்டீ?” என்று கேட்டால், “நீங்க பேசாம இரிங்க” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பயந்த சுபாவம் அவளுக்கு.

ஆகவே தாங்கள் தெளிவுபடுத்த வேண்டியது: என் சீட்டைச் சுமக்கிற மான் சட்டப்படி என்னுடையதா? அது யார் வீட்டுத் தோட்டத்தையாவது மேய்ந்தால் கேஸ் யார் மேல் வரும்? வீட்டுப் பெரியவர்கள் காலைத் தொட்டதாகச் சொல்லவும். பிள்ளைகள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்கட்டும்.

தங்கள் பதிலுக்கு வழிபார்த்திருக்கும்,
உமாபதி

பி.கு.: அண்ணனுக்கு, கிருஷ்ணவேணி எழுதுகிறேன். கவரை ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். இங்கே எந்த மானும் வரவில்லை அண்ணே. விடிவதற்கு முன் இவர்தான் செருப்புக்கூடப் போடாமல் இறங்கிப்போய் அந்த மரத்தடியில் நிற்கிறார். தோளில் பனி விழுந்தாலும் தட்டிவிடுவதில்லை. நான் நிற்கிற ஜன்னலையே அண்ணாந்து பார்க்கிறார். நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவருகிறேன். சட்டமெல்லாம் எழுத வேண்டாம், நீங்கள் புறப்பட்டு வாருங்கள். நேற்று மரத்தடிக்குப் போகப் பயந்து, தூரத்திலேயே நின்று “ஏங்க” என்று கூப்பிட்டேன். அவர் தலை திரும்பவில்லை அண்ணே. காது மட்டும் திரும்பியது.