மாமியாரோடு ஓர் ஐரிஷ் சுற்று

நடனம் தெரியாதவர்களால் யாருக்கும் ஆபத்தில்லை. நாற்காலி பார்த்து உட்கார்ந்துவிடுவார்கள். தனக்குப் பிரமாதமாக வரும் என்று நம்புகிறவன்தான் நாலு பேர் காலை ஒடிப்பான். நான் நம்புகிறவன்.

ஜெர்மனியில், எசன் நகரத்தில் முதுகலை படித்தபோது தாரணியைக் காதலித்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண். ஞாயிறு மதியங்களில் ஒரு சமூகக்கூடத்தில் ஐரிஷ் நடனம் ஆடுவாள். (ஏன் ஐரிஷ் என்று கேட்டதற்கு, "பரதநாட்டிய வகுப்புக்குத் தப்பி ஓடின இடம்" என்றாள்.) ஒருநாள் என்னையும் அழைத்தாள்.

"அம்மாவும் வாறா. அவவுக்கு உங்களைப் பிடிச்சாத்தான் நான் அப்பாட்டைக் கதைக்கலாம். கவனம்."

"டான்ஸா? காலேஜ்ல நான் ஆடாத ஸ்டேஜே இல்ல. உங்கம்மா க்ளீன் போல்டு," என்றேன். (ஆடியது உண்மை. ஆடியது குத்தாட்டம், அதுவும் மேடைக்குக் கீழே என்பதைச் சொல்லவில்லை.)

கூடத்து வாசலில் ஷூக்கள் வரிசையாக இருந்தன. நம் பழக்கம் இங்கேயும் இருக்கிறதே என்று பூரித்துப்போய், நானும் கழற்றிவிட்டு சாக்ஸோடு நுழைந்தேன். மற்றவர்கள் எல்லோரும் பையில் கொண்டுவந்த நடனக் காலணிகளை மாட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. மரத்தரையில் முகம் பார்க்கிற அளவுக்கு மெழுகு.

தாரணியின் அம்மா முதியோர் இல்லத்தில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கால்களில் வழுக்காத வேலைச் சப்பாத்து. என் கால்களைத்தான் முதலில் பார்த்தார்.

"தம்பி, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாங்கோ. வழுக்கும்."

"பரவால்ல ஆன்ட்டி, எனக்கு பேலன்ஸ் ஜாஸ்தி."

ஆட ஓர் ஆள் குறையவே, வேடிக்கை பார்க்க வந்த அவரையும் இழுத்துவிட்டார்கள். நாலு பேர் கைகோர்த்து ஒரு வரிசை, எதிரே இன்னொரு வரிசை. முன்னே வந்து, பின்னே போய், எதிரே நிற்பவரோடு கைபிடித்துச் சுற்ற வேண்டும். எனக்கு எதிரே நின்றவர் தாரணியின் அம்மா.

வயலினும் அக்கார்டியனும் தொடங்கின. சத்தியமாகச் சொல்கிறேன், ஊரை விட்டு வந்தபின் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. முன்பின் தெரியாத ஜெர்மானியர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். தாரணி சிரித்தாள். போதாதா? சுற்றும்போது ஒரு சின்னக் குத்தாட்டத்தையும் சேர்த்துவிட்டேன்.

"மெல்ல, தம்பி!"

கால்கள் இரண்டும் என்னிடம் சொல்லாமல் கிளம்பின. மல்லாக்க விழுந்தேன். ஆனால் அவர் கைகளை நான் விடவில்லை. அவராலும் சுற்றிய வேகத்தை நிறுத்த முடியவில்லை. வழுக்காத சப்பாத்தில் அவர் நின்ற இடத்திலேயே சுழல, நான் ஈரத்துணி மாதிரி தரையைத் துடைத்துக்கொண்டு ஒரு முழு வட்டம் வந்தேன். இரு பக்கமும் ஆட்கள் எகிறிக் குதித்தார்கள். இசை நின்றபின் ஒரு பெரியவர், இந்த அசைவு எந்த ஊருடையது என்று மரியாதையாக விசாரித்தார்.

நான் எழ முயன்றேன். மறுபடி வழுக்கியது. தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் கைவிட்டுப் போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அழுகை வந்தது.

தாரணியின் அம்மா குனிந்து, என் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தார். "அய்ன்ஸ், ச்வை, த்ரை!" என்று எண்ணி ஒரே தூக்கில் நிறுத்தினார். வேலையிடத்தில் தாத்தாக்களைக் கட்டிலிலிருந்து எழுப்புகிற முறையாம்.

"நாரி நோகுதோ?" என்று என் இடுப்பைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி."

"அப்ப போய்ச் சப்பாத்தைப் போடுங்கோ. இன்னும் ஆட்டம் முடியேல்லை."

மீதிச் சுற்றுகளை அவர் சொன்னபடி மெல்ல ஆடினேன். அன்று டிராமில் மகளிடம் தீர்ப்புச் சொன்னாராம்: "பொடியனுக்குக் கொஞ்சமும் வெக்கமில்லை. பிறகும் எழும்பி நிண்டு ஆடுறான். அப்பாவோட நான் கதைக்கிறன்."

கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. ஹம் நகரத்திலிருந்து உறவுக்காரர்கள் வந்து, மாப்பிள்ளையை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று கேட்டால், மாமி தேநீரைக் கீழே வைத்துவிட்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்ப்பார்.

"மற்ற ஆக்கள் விசாரிச்சுப் பாத்து எடுப்பினம். நான் தூக்கிப் பாத்து எடுத்தனான். பாரம் குறைவுதான், பரவாயில்லை."