துடைத்தாலும் போகாத எழுத்து

மெய்நாட்டில் தெருக்கள் கிடையாது, கால்வாய்கள்தான். அவற்றின் உட்சுவரில் ஓலைக்காரர்கள் குடியிருந்தார்கள். வெளிச்சுவரைப் பிடிப்பாளர்கள் அணைத்துப் பிடித்து நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. தினமும் காலையில் ‘பிடி’ என்று எழுதிய ஓலை ஒன்று சுவர்த்துளை வழியாக வெளியே போகும். மூன்று நாள் எழுத்து வராவிட்டால், பிடிப்பாளர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். அது நாட்டு வழக்கம்.

தேர்தலில் மன்னர் தித்தவர்மர், வென்றால் கால்வாய்களில் சர்க்கரைப்பாகு ஓடும் என்றார். வென்றார், ஓடியது. முதல் வாரம் எல்லாரும் நக்கினார்கள். பிறகு சுவர்கள் ஊறி நெகிழ்ந்தன. உடனே ஆணை வந்தது: “பிடி என்பது, சுவர் சரியில்லை என்னும் அவதூறு.” ஓலைகள் தடுக்கப்படவில்லை, அது கருத்துரிமை. போய்ச் சேர்ந்ததும் எழுத்தை மட்டும் அழிப்பு அதிகாரிகள் துடைத்தார்கள்.

பிடிப்பாளர்கள் கிளம்பினார்கள். சுவர்கள் கசிந்தன. நாட்டுக்கே விளக்கேற்றும் விழிக்கோட்டம் தண்ணீரின்றிக் கதறியது. மன்னர் அங்கே நூறு புதிய கால்வாய்களைத் திறந்துவைத்தார், ஒரு பிடிப்பாளர்கூட இல்லாமல். அத்தனையும் உடைந்து ஊர் செஞ்சேறானது. விளக்கு மங்கியது.

“இருட்டு என்று ஒரு புகாரும் எழுதப்படவில்லை” என்றார் அமைச்சர். எழுத வெளிச்சமில்லை.

அடுத்த தேர்தலில் தித்தவர்மர் தோற்றார். புதிய மன்னர் பாகை நிறுத்தினார். விழிக்கோட்டத்தில் ஒரே ஒரு பழைய கால்வாய் மிச்சமிருந்தது; அதைப் பிடித்து நின்றவர் இருளப்பன். பாகு நின்ற மறுவாரம் அவர் பக்கத்தில் அழிப்பு அதிகாரி ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் காலை, ஓலைக்காரி பூவாத்தாள் துளையில் வாய் வைத்துக் கத்தினாள்.

“அண்ணே, ஓலை வந்துச்சா?”

“வெறும் ஓலைதான் வருது தாயி. பொழுது சாஞ்சா கெளம்பிருவேன்.”

“போயிராதீங்க! பிடிங்க!”

“வாய்ப்பேச்சு செல்லாதே. எழுத்துல வரணும்.”

“பாகுதான் நின்னுபோச்சே! அந்த ஆளு இன்னும் எதுக்கு அழிக்கிறாரு?”

அதிகாரி தொண்டையைச் செருமினார். “அம்மா, பாகு முந்தைய ஆட்சியின் திட்டம். அழிப்பு நிரந்தரப் பணி.”

பொழுது சாயுமுன் துளையோரம் ஒரு செங்கல் பெயர்ந்து விழுந்தது. ஒரு கை வெளியே நீண்டது. வீங்கிய உள்ளங்கையில் ‘பிடி’ என்று பச்சை குத்தியிருந்தது.

“தொடச்சுப் பாருய்யா” என்றாள் பூவாத்தாள்.

அதிகாரி துடைத்தார். எச்சில் தொட்டும் துடைத்தார். இருளப்பன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தார். மறு கையால் சுவரை.

என்ன செய்வதென்று கேட்டு அதிகாரி தலைநகருக்கு எழுதினார். மறுநாள் வெறும் தாள் வந்தது. வழியில் இன்னொரு அதிகாரி தம் கடமையைச் செய்திருந்தார். அதற்கடுத்த நாளும் வெறும் தாள்தான். மூன்றாம் நாளும் அப்படியே.

அதிகாரியும் பெட்டியைக் கட்டினார்.