எதைப் போட்டாலும் பன்னிரண்டு

ஒன்றைப் போட்டார், பன்னிரண்டு வந்தது. இரண்டைப் போட்டார், அதற்கும் பன்னிரண்டு. மூன்றைப் போட்டார். பன்னிரண்டேதான்.

"சைபர்தானேப்பா வரணும்?" என்றாள் மகள்.

"வரும் கண்ணு. கொஞ்சம் அடம் பிடிக்குது."

லிஃப்ட் மெக்கானிக்கான அப்பாவுக்கு வியர்த்தது. நோட்டில் இருந்தது ஒரே ஒரு வரி: x³ − 6x² + 11x + 6. x-க்கு எந்த எண்ணைப் போட்டால் இது பூஜ்யமாகும்?

மனைவி பிரிந்து போய் ஏழு மாதம். ஞாயிறு மதியம் கணக்குப் போட மகள் வருவாள். கணக்கு முடிந்ததும் இவர் போன் செய்தால் அம்மா வந்து அழைத்துப் போவாள். அதுதான் ஏற்பாடு. மற்ற ஆறு நாளும் வீட்டில் இவரும் கொடியில் தொங்கும் சட்டைகளும்தான். கணக்கும் தெரியாத அப்பாவிடம் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை? இன்று கோட்டை விட்டால் அடுத்த ஞாயிறு வரமாட்டாள்.

"ஆறைப் போடுங்களேன்ப்பா."

எழுபத்திரண்டு.

"மைனஸ்ல இறங்கிப் பார்ப்போம்."

மைனஸ் ஒன்றுக்கு மைனஸ் பன்னிரண்டு. மைனஸ் ஆறுக்கு மைனஸ் நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

"லிஃப்டா இருந்தா இந்நேரம் ஆள் காலிப்பா."

"சிரிக்காதே. கிராஃப் போட்டா தெரிஞ்சிடும்."

காலண்டரைக் கழற்றித் திருப்பிப் போட்டு வரைந்தார். கோடு நானூற்றுத் தொண்ணூற்றிரண்டைத் தேடி இறங்கியது. காலண்டர் போதாமல், வீட்டு ஓனர் கொடுத்திருந்த மேஜைமேல் தொடர்ந்தது. அவசரமாகத் துடைக்கப் போய் டீயைக் கவிழ்த்தார். மகளின் நோட்டும் நனைந்தது.

"சைபருக்கும் மைனஸ் ஒண்ணுக்கும் நடுவுலதான் எங்கேயோ இருக்கு," என்றார், ஈர நோட்டை விசிறிக்கொண்டே.

மைனஸ் புள்ளி நாலு: கொஞ்சம் மிச்சம். மைனஸ் புள்ளி நாலு மூணு: இன்னும் மிச்சம். புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் நீண்டனவே தவிர, பூஜ்யம் வரவில்லை. மணி ஆறாகிவிட்டது.

போன் வராததால் அம்மாவே வந்து கதவைத் தட்டினாள்.

"இன்னுமா முடியலை?"

"எனக்கு வரலை," என்றார் அவர், தலையைத் தூக்காமல். "நல்ல டியூஷனாப் பார்த்துச் சேர்த்துடு. இனிமே அவ இங்கே வந்து நேரத்தை வீணாக்க வேணாம்."

அவள் நனைந்த நோட்டைப் புரட்டினாள். கணக்கைப் பார்த்தாள். பிறகு, வாசலில் குனிந்து செருப்பு வாரை வெகு நேரமாக மாட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்தாள்.

"ஏன்டி, வெள்ளிக்கிழமையே இதுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ரெண்டே நிமிஷத்துல விடை போட்டியே... கடைசி மைனஸை எதுக்குடி பிளஸ் ஆக்கினே?"