கட்டணத்தின் மேல் கட்டணம்

வாடகைக்குக் கொடுத்த செக், பணமில்லை என்று திரும்பி வந்துவிட்டது. கட்டடத்துக்காரம்மா அதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலு பேருக்குத் தெரியாமல் போய்விடுமே. நேரே கடைக்கு வந்து, கண் சோதனைக்கு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளருக்கு எதிரிலேயே மேஜை மேல் செக்கை வைத்தார்.

"எழுத்து பொடியா இருக்குன்னு படிக்காம விட்டுடாதீங்க. கணக்குல பணம் இல்லைன்னு போட்டிருக்கு."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைத் தெருவே லென்ஸ்காரர் என்றுதான் கூப்பிடும். ஊருக்கெல்லாம் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடி மாட்டிவிடுகிறவர், தன் பேங்க் அனுப்பிய பொடி எழுத்தை ஒருநாளும் படித்ததில்லை. அந்தக் கணக்கே வாடகைக்காக மட்டும் வைத்திருந்தது. மாதம் பிறந்ததும் வாடகைப் பணத்தைப் போடுவார், அம்மா செக்கை மாற்றிக்கொள்வார், கணக்கு துடைத்து வைத்த தட்டாகிவிடும். ரொக்கமாகக் கொடுக்கலாம் என்றால் அம்மா தொட மாட்டார். வரி ஆபீஸில் ஒருமுறை பட்ட பாட்டுக்குப் பிறகு அவருக்கு எல்லாமே செக்தான்.

பக்கத்து ஊரிலிருந்து ஒரு செல்போன்காரன் இந்த இடத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பதாகவும், மாதக் கடைசி வரை பொறுத்துப் பார்ப்பதாகவும் சொல்லிவிட்டு அம்மா போனார். வாடிக்கையாளரும் நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் வரவில்லை.

லென்ஸ்காரர் கடையைச் சாத்திவிட்டு பேங்குக்கு நடந்தார். டோக்கன் எடுத்து, நாற்காலியில் காத்திருந்து, முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண்ணிடம் நியாயம் கேட்டார். சம்பளத்தோடு சேர்த்துச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்திருந்த பெண் அது.

"உங்க கணக்குல குறைஞ்சபட்ச இருப்பு இல்ல சார். அதுக்கு ஒரு கட்டணம்."

"கட்டணம் எடுக்க அதுல பணமே இல்லையேம்மா."

"அதனாலதான் நாங்க உங்களுக்குக் கடன் குடுத்தோம்."

"எதுக்கு?"

"கட்டணத்தை எடுத்துக்கறதுக்கு."

"அப்ப உங்களுக்கு நான் நன்றி சொல்லணும்."

"வேண்டாம் சார். கடன் குடுத்ததுக்குத் தனியா கட்டணம் எடுத்துட்டோம்."

இப்படி மாதக்கணக்கில் சேர்த்து வைத்து ஒரேயடியாகத் தோண்டிய பள்ளத்தில்தான் இந்த மாத வாடகைப் பணம் விழுந்திருந்தது. பாதி உள்ளே போக, மீதிப் பாதிக்குச் செக் செல்லவில்லை. செக் செல்லாததற்கும் கட்டணம். எல்லாவற்றையும் எழுத்தில் கொடு என்று லென்ஸ்காரர் மேஜையைத் தட்டினார். உடனே கொடுத்தார்கள். காகிதத்தின் கடைசி வரியில், இந்தக் காகிதத்துக்கான கட்டணம் என்று ஒரு குழந்தைக் கண்ணாடியின் விலை கழிக்கப்பட்டிருந்தது.

வீட்டில் மனைவி காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"பேங்க்ல போட்டா பணம் குட்டி போடும்னு சொன்னீங்க. போட்டிருக்கு. என்ன, குட்டியெல்லாம் அவங்களுக்கு."

லென்ஸ்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாள் கல்லாவைத் துடைத்து, மனைவி சீட்டுக்கு வைத்திருந்ததையும் வாங்கி, பள்ளம் நிரம்பி வாடகையும் நிற்கிற அளவுக்குக் கணக்கில் கட்டினார். அந்தத் தைரியத்தில் கட்டடத்துக்காரம்மாவுக்குப் புதுச் செக்கும் எழுதிக் கொடுத்தார். கவுன்டரில் ரொக்கமாகக் கட்டினால் அதற்கொரு கட்டணம் உண்டென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. கண்ணாடியில் மூக்கின் மேல் உட்காருகிற ஒரு மூக்குத்தாங்கியின் விலைதான் குறைந்தது. அதற்காக இரண்டாவது செக்கும் திரும்பி வந்தது.

இந்த முறை அம்மா கடைக்குள்ளேயே வரவில்லை. கூட வந்த செல்போன்காரன்தான் உள்ளே நுழைந்து, சுவரின் அகலத்தை டேப் பிடித்து அளந்தான். லென்ஸ்காரருக்கு அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிற கடை. அது போனால் இந்த வயதில் இன்னொரு தெருவில் போய்ப் பெயரெடுக்க அவரால் முடியாது.

தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தார். பாட்டுப் போட்டார்கள். டீ ஆறி, ஆடை படிந்து, ஆடையும் காய்ந்த பிறகு ஒரு குரல் வந்து, உங்கள் கிளையில் கேளுங்கள் என்றது. சற்று நேரத்தில், உங்கள் புகார் எங்களுக்கு மிக முக்கியம் என்று குறுஞ்செய்தி வந்தது. அதன் பின்னாலேயே, அந்தக் குறுஞ்செய்திக்கான கட்டணம் கழிக்கப்பட்டது என்று இன்னொன்று வந்தது.

இந்த நிலையில்தான் மச்சான் வாயைத் திறந்தான். மனைவியின் தம்பி. ஒரு வேலையில் நிலைத்து உட்காரும் வித்தை தவிர மற்ற எல்லாம் அறிந்தவன். வேலை தேடி வந்தவன், அக்கா வீட்டுச் சோபாவைத் தாண்டி இன்னும் தேடவில்லை.

"தனியா போனா உங்களை ஈ மாதிரி தட்டிவிடுவான் அத்தான். தெருவையே கூட்டிட்டுப் போங்க. எல்லாரும் கணக்கை மூடறோம்னு நில்லுங்க. பேங்க்காரன் உலகத்துல பயப்படறது அதுக்கு ஒண்ணுக்குத்தான்."

முதல்முறையாக அவன் பேச்சு லென்ஸ்காரருக்குச் சரியாகப் பட்டது. அதிலேயே உஷாராகியிருக்க வேண்டும்.

ஆள் சேர்ப்பது சிரமமாக இல்லை. தையல்காரருக்கு அட்டைக் கட்டணம், சாவி போடுகிறவருக்குக் கையெழுத்துச் சரிபார்ப்புக் கட்டணம், செருப்புக்கடைக்காரருக்கு ஏனென்றே தெரியாத ஒரு கட்டணம். கை வைத்த இடமெல்லாம் ரணமாக இருந்தது. லென்ஸ்காரர் கடை கடையாக ஏறிப் பேசினார். நாம் போடும் காசில்தான் அவர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், நாம் எழுந்தால் பேங்க் படுத்துவிடும் என்றார். தெருவே தலையாட்டியது. இத்தனை காலம் மூக்கில் கண்ணாடி மாட்டிவிட்டவருக்குள் இப்படியொரு தலைவர் ஒளிந்திருந்தாரா என்று சாவிக்காரர் வியந்தார். லென்ஸ்காரருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருந்தது. அன்று இஸ்திரி போட்ட சட்டை கேட்டு மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

திங்கட்கிழமை பேங்க் திறந்ததும் தெரு உள்ளே நுழைந்தது. டோக்கன் இயந்திரம் காகிதம் தீர்ந்து நின்றது. மேனேஜர் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அழுகிறார் போலிருக்கிறது என்று தையல்காரர் காதைக் கடித்தார்.

லென்ஸ்காரர் சபை நடுவில் நின்று பேசினார். எடுத்த கட்டணம் மொத்தமும் திரும்ப வேண்டும். தப்பு பேங்க் மேல் என்று கட்டடத்துக்காரம்மாவுக்குக் கடிதம் வேண்டும். இல்லையென்றால் அத்தனை கணக்கும் இன்றைக்கே மூடப்படும்.

"கட்டணத்தைத் திருப்பிடறோம் சார். கடிதமும் தர்றோம். ஆனா மனசு புண்பட்ட பிறகு இங்கயே இருங்கன்னு கேக்க எனக்கு வாய் வரல," என்றார் மேனேஜர்.

தெருவுக்குத் தலைகால் புரியவில்லை. இவ்வளவு பணிவை அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை. கெஞ்சினால் இருக்கலாம் என்றுதான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். ஆனால் கெஞ்சாத மனிதரிடம் எப்படி இரங்குவது? லென்ஸ்காரர் மார்பை நிமிர்த்திக்கொண்டு முதல் கையெழுத்தைப் போட்டார். வரிசையாக மற்றவர்களும் போட்டார்கள். கணக்கை மூடுவதற்கான கட்டணத்தைக்கூட மேனேஜர் வேண்டாமென்று சொல்லிவிட்டார். வாடகைக்குக் கட்டடத்துக்காரம்மா பெயரிலேயே டிராப்ட் எடுத்துக் கொடுத்தார். கடிதமும் வந்தது.

வெளியே வந்ததும் சாவிக்காரர் லென்ஸ்காரரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். லென்ஸ்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கடை பிழைத்தது. வாழ்க்கையில் ஒரு பெரிய இடத்தை எதிர்த்து ஜெயித்தது இதுதான் முதல் தடவை.

தையல்காரர் மட்டும், அடுத்த மாத வாடகைக்கு எந்த பேங்க் செக் கொடுப்பது என்று கேட்டார். ஊரில் இருந்த இன்னொரு பேங்க் போன வருடமே கிளம்பிவிட்டதே என்றும் நினைவுபடுத்தினார். நம்மைக் கூப்பிட ஆயிரம் பேங்க் வரும் என்று மச்சான் அவரை அடக்கினான்.

அப்போது பேங்க் செக்யூரிட்டி படியிறங்கி ஓடி வந்தார். கையில் காகிதத் தட்டு, அதில் பெரிய துண்டு கேக். உள்ளே கைதட்டும் சத்தம் கேட்டது. அவர் லென்ஸ்காரருக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்துவிட்டுத் தட்டை நீட்டினார்.

"சின்னக் கணக்கையெல்லாம் கழிச்சு விடணும்னு ரெண்டு வருஷமா கட்டணத்து மேல கட்டணமா போட்டுப் பார்த்தோம் சார், ஒருத்தரும் அசையல, நீங்க ஒரே காலையில மொத்தமா கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னு, முதல் துண்டை உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னாரு மேனேஜர்."