கனமான வாளியை எடுத்தவன் எழுதுவது

லூன் ஏரி, மின்னசோட்டா
நன்றி நாளுக்கு அடுத்த ஞாயிறு

மரியாதைக்குரிய சம்பந்தியம்மா டெல்ஃபின் அவர்களுக்கு,

ஹார்லன் டோர்சன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், ஆர்டிஸ் சுகம், பூனையும் சுகம். கார் பேட்டரிக்கு மட்டும் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே நீங்களும், உங்கள் மகள் கார்லாவும், என் மகன் நீல்ஸும், நம் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பேரனாகிய தியோவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தியோவின் இரண்டு கன்னத்துக்கும் ஆளுக்கு ஒன்றாக எங்கள் முத்தங்கள்.

வியாழக்கிழமை நீங்கள் கொடுத்த நன்றி நாள் விருந்தை வாழ்நாளில் மறக்க முடியாது. வான்கோழி பஞ்சு மாதிரி வெந்திருந்தது. கிரேவியைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். திரும்பி வரும்போது சாலையில் காற்று வடமேற்கிலிருந்து வந்தது, பனி அதிகம் இல்லை, இரண்டரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். இன்று காலை வெயில் இருந்தது. மதியத்துக்கு மேல் மேகம். வானிலையைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை என்பதால் விஷயத்துக்கு வந்துதான் ஆகவேண்டும்.

சம்பந்தியம்மா, உங்கள் சூப் எலும்பு என் வீட்டில் இருக்கிறது. இருந்தது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கிளம்பும்போது நீங்கள், பின்வாசலில் உங்களுக்கு ஒரு வாளி வைத்திருக்கிறேன், இடது பக்கம் இருப்பது, எடுத்துக்கொண்டு போங்கள் என்றீர்கள். நான் வேண்டாம் என்றேன். நீங்கள் மறுபடி சொன்னீர்கள். மறுபடி வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை, சரி, நீங்கள் இவ்வளவு சொல்வதால், என்று போனேன். இதுவரை என்மேல் எந்தக் குற்றமும் இல்லை. உங்கள் பின்வாசலுக்குப் போய்ப் பார்த்தால் ஐஸ்கிரீம் வாளி இரண்டு, ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒரே நீல மூடி. இடது பக்கம் என்பது உள்ளேயிருந்து பார்க்கும்போதா, வெளியேயிருந்து பார்க்கும்போதா என்று நீங்கள் சொல்லவில்லை. இதை வைத்து நான் தப்பித்துக்கொள்ளலாம். வரும் வழியெல்லாம் இல்லாத யோசனை வெள்ளிக்கிழமை எனக்கு வந்தது, இதைச் சொல்லியே தப்பித்துவிடலாமா என்று. ஆனால் உண்மை வேறு. நான் இரண்டு வாளியையும் தூக்கிப் பார்த்தேன். ஒன்று லேசாக இருந்தது, ஒன்று கனமாக இருந்தது. சம்பந்தியம்மா தாராள மனசுக்காரர் ஆயிற்றே, நமக்கு வைத்தது கனமானதாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்து அதை எடுத்துக்கொண்டேன். மூடியைத் திறந்து பார்த்திருக்கலாம். கொடுத்ததைக் கொடுத்தவர் வீட்டிலேயே திறந்து பார்க்கிற ஆள் நான் இல்லை. அதுமட்டும் மரியாதைக் குறைவு என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை, வறுத்த ரொட்டிக் கலவையும் பூசணி இனிப்பும் இருக்கும் என்று நாக்கில் எச்சில் ஊற மூடியைத் திறந்தேன். உள்ளே வான்கோழியின் எலும்புக்கூடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து யாரோ இறந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

"ஹார்லன், இது டெல்ஃபினோட சூப்பு எலும்பு. வருஷா வருஷம் வெள்ளிக்கிழமை அவங்க வைக்கிற சூப்பு. பிள்ளைங்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் அங்க தங்கறதே அதுக்காகத்தான். நீ தூக்கிட்டு வந்துட்ட."

சம்பந்தியம்மா, அன்று காலை ஒன்பதரை மணிக்கு உங்கள் வீட்டுக்கு ஃபோன் செய்து, உங்கள் தெருவில் பனி எப்படி இருக்கிறது என்று கேட்டது நான்தான். இரண்டரை மணி நேரத் தொலைவில் இருக்கிறவனுக்கு உங்கள் தெருப் பனி எதற்கு என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன். உங்கள் குரலைக் கேட்டதும் வாய் தானாகப் பனிக்குப் போய்விட்டது. முப்பத்தொரு வருஷம் மாவட்டத்துக்குப் பனி அள்ளும் வண்டி ஓட்டினவன், வேறு பேச்சு வராது. விருந்து மிச்சமெல்லாம் எப்படி, என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். நீங்கள், "பரவாயில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள். நம் பக்கத்தில் வீடு தீப்பிடித்து எரிந்தால்தான் பரவாயில்லை என்பார்கள்.

பத்து மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். எலும்பைத் திருப்பிக் கொடுத்தால் அவமானம். சூப்பாகக் கொடுத்தால் அன்பளிப்பு. நானே சூப் வைத்து, ஜாடியில் ஊற்றி, ரிப்பன் கட்டி, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து உங்கள் கையில் கொடுத்து, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொண்டு போனேன் என்று சொல்வது. ஆர்டிஸிடம் சொன்னேன். "எடுத்தது நீ, வைக்கிறதும் நீ" என்று சொல்லிவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு, சர்ச்சில் கிறிஸ்மஸ் பலகாரம் சுடப் போய்விட்டாள். சர்ச் பெண்கள் போட்ட சமையல் புத்தகத்தில் பக்கம் நாற்பத்திரண்டில் இருந்தது: எளிய வான்கோழி சூப், யாரும் செய்யலாம். யாரும் என்பதில் நான் சேர்த்தி இல்லை என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. எலும்பைப் பெரிய பாத்திரத்தில் போட்டேன். தண்ணீர் ஊற்றினேன். வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை இரண்டு. மூன்று மணி நேரம் சின்னத் தீயில் விட வேண்டும் என்று போட்டிருந்தது. நான் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அடுப்புக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்படி ஒரு வாசனை. எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது. மூன்று மணி நேரம் ஆனதும் புத்தகத்தைப் பார்த்தேன்: வடிகட்டவும். அவ்வளவுதான் போட்டிருந்தது. எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை விட வேண்டும் என்று போடவில்லை. நான் என் வாழ்க்கையில் வடிகட்டியது மக்ரோனி ஒன்றைத்தான். பாத்திரம் கழுவும் தொட்டியில் சல்லடையை வைத்தேன், பாத்திரத்தை இரண்டு கையாலும் தூக்கினேன், சாய்த்தேன். பொன் நிறத்தில் கடகடவென்று போயிற்று. மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிவிட்டது. துடைத்துவிட்டுப் பார்த்தால் சல்லடையில் எலும்பு பத்திரமாக இருக்கிறது. அப்போதுதான் சம்பந்தியம்மா, நான் சூப்பைத் தொட்டியில் ஊற்றிவிட்டு எலும்பைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன் என்பது உறைத்தது.

பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தேன். கால் பங்கு மிச்சம் இருந்தது. அதில் தண்ணீர் ஊற்றினேன், நிறம் போய்விட்டது. கடையில் விற்கிற சூப் கட்டி நான்கு போட்டேன், நிறம் வரவில்லை. இன்னும் ஆறு போட்டேன். நிறம் வந்தது. உப்பும் வந்தது. உப்பை எடுக்க அரிசி போடலாம் என்று எங்கோ கேட்ட ஞாபகம். காட்டரிசி, ஏரியில் விளைகிற நம் கறுப்பு அரிசி, வீட்டில் இருந்தது. ஒரு கோப்பை போட்டேன், அடியில் போய் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இன்னும் மூன்று போட்டேன். அது ஒரு மணி நேரம் சும்மா இருந்தது, பிறகு எழுந்தது. ஒவ்வொரு அரிசியும் வாயைப் பிளந்துகொண்டு எழுந்து, இருந்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு மூடியைத் தள்ளியது. மறுபடி தண்ணீர், மறுபடி அரிசி எழுந்தது, மறுபடி தண்ணீர். கடைசியில் ஒரு பாத்திரத்துச் சரக்கு மூன்று பாத்திரத்தில் இருந்தது. மூன்றிலும் உப்பு அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு லாயிட், இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஒரு கரண்டி கொடுத்தேன். வாயில் வைத்தார். வெகுநேரம் மென்றார். சூப்பை மெல்லுகிறாரே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

"ம்... வித்தியாசமா இருக்கு" என்றார்.

வித்தியாசமாக இருக்கிறது என்று நம் ஊரில் ஒருவர் சொன்னால் அதற்கு மேல் திட்டுவதற்கு வார்த்தை கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். ஏணியை வைத்துவிட்டு, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வாசலில் ஒரு பிடி பனியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போனார்.

இருந்தாலும் மூன்றில் ஒன்று சுமாராக இருந்தது. அதை மட்டுமாவது ஆறவைத்து ஜாடியில் அடைக்கலாம் என்று, பின்பக்கம் பனிக் குவியலின்மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தேன். கொதிக்கிற பாத்திரத்தைப் பனிமேல் வைத்தால் பனி உருகும், ஒரு பக்கம் முதலில் உருகும், பாத்திரம் சாயும். பனியோடு முப்பத்தொரு வருஷம் இருந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாய்ந்துதான் விட்டது. இப்போது எங்கள் கொல்லையில் ஒரு பெரிய பழுப்புப் பள்ளம் இருக்கிறது, காக்கைகள் வந்து பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் போகின்றன.

இதெல்லாம் ஆகிவிட்டது, போகட்டும். சனிக்கிழமை காலை நீல்ஸ் உங்கள் வீட்டிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, கிறிஸ்மஸ் விஷயமா கார்லா உங்ககிட்ட ஒண்ணு பேசணுமாம்" என்றான். அடுப்பில் சூப் இருக்கிறது என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஃபோன் ஐந்து தடவை அடித்தது. நான் எடுக்கவில்லை, ஆர்டிஸ் எடுக்க வந்தால் பாத்திரம் தேய்க்கும் சத்தத்தைப் பெரிதாக்கினேன்.

சம்பந்தியம்மா, இப்போதுதான் இந்தக் கடிதத்தின் உண்மையான விஷயம். நன்றி நாள் உங்கள் வீட்டில், கிறிஸ்மஸ் எங்கள் வீட்டில் என்று கல்யாணத்தின்போதே பேசிக்கொண்டோம். வியாழக்கிழமை கார்லா, குழந்தையை வைத்துக்கொண்டு பனியில் அவ்வளவு தூரமா, பார்க்கலாம் என்று இழுத்தாள். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. இப்போது நான் அவள் அம்மாவின் சூப் எலும்பையே திருடிக்கொண்டு வந்திருக்கிறேன். வர மாட்டோம் என்று அவள் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தியோவுக்கு இது முதல் கிறிஸ்மஸ். வியாழக்கிழமை அவனை மடியில் வைத்திருந்தபோது என் சுண்டுவிரலைப் பிடித்தவன் கேக் வரும்வரை விடவில்லை. நான் ஒரு கையாலேயே சாப்பிட்டேன், நீங்கள் கவனித்திருப்பீர்கள். அவன் வராவிட்டால் எனக்குத் தாங்காது. இதை நான் ஆர்டிஸிடம்கூடச் சொன்னதில்லை. தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள். வருகிற ஐந்து நன்றி நாளுக்கும் உங்கள் வீட்டுப் பாத்திரம் முழுவதும் நான் தேய்க்கிறேன். அல்லது பிள்ளைகள் இங்கே இருக்கிற மூன்று நாளும் என்னை கார் ஷெட்டில் உட்காரச் சொல்லுங்கள், உட்காருகிறேன், ஹீட்டர் இருக்கிறது. குழந்தையை மட்டும் அனுப்பிவை என்று கார்லாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

உங்கள் முழங்கால் வலி குறையவும், உங்கள் குழாய்கள் குளிரில் உறையாமல் இருக்கவும், வசந்தம் சீக்கிரம் வரவும் வேண்டிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு.

தலைகுனிந்து நிற்கும்,
ஹார்லன் டோர்சன்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது ஃபோன் அடித்தது. ஆர்டிஸ் எடுத்து என் கையில் திணித்துவிட்டாள். மறுமுனையில் நீங்கள். "என்னை மன்னிச்சிடுங்க சம்பந்தி" என்று ஆரம்பித்தீர்கள். வலது என்று சொல்வதற்குப் பதில் இடது என்று சொல்லி, சம்பந்தி வீட்டுக்கு எலும்பு வாளியைக் கொடுத்தனுப்பிவிட்டேன், வெள்ளிக்கிழமையிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, நீங்கள் ஃபோனைக்கூட எடுக்காததால் கோபம் என்று புரிந்துகொண்டேன் என்று அழுதீர்கள். பிள்ளைகள் எப்படியும் கிறிஸ்மஸுக்கு வருகிறார்கள், கூட நானும் வரலாமா என்று கேட்கத்தான் கார்லாவைப் பேசச் சொன்னேன், இனி எந்த முகத்தோடு வருவேன் என்றீர்கள். நான் அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் என் வாய், "பரவாயில்லைங்க, யாருக்கும் நடக்கறதுதான், நாங்க மனசுல வச்சுக்கல" என்று சொல்லிவிட்டது. நீங்கள் இரண்டு தடவை நன்றி சொன்னீர்கள். நான் இரண்டாவதற்கும் பரவாயில்லை என்றேன். ஃபோனை வைத்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கிழித்து வெளியே எறியப் போனேன். ஆர்டிஸ் கரண்டியோடு வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். ஆகவே இது வருகிறது. கிறிஸ்மஸுக்கு நீங்களும் அவசியம் வாருங்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். வரும்போது நான் ஃபோனில் உங்களுக்குக் கொடுத்த மன்னிப்பை மறக்காமல் திருப்பிக் கொண்டுவரவும். அது எனக்குத்தான் வேண்டும்.